பக்கத்தில் இல்லாத பெயர்

ஜூலை 3

அண்ணா,

இதைப் படித்ததும் வீட்டுக்கு ஃபோன் செய்துவிடாதே. ஃபோன் இப்போதெல்லாம் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. நீ விட்டுப்போன பழைய மடிக்கணினியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விசைகளின் சத்தம் கேட்டு அம்மா, "என்னடி அது, பல்லி கத்தற மாதிரி?" என்றாள். "கணக்கு போடறேம்மா" என்றேன். கணக்குக்கு ஏது சத்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செத்தேன்.

போன வாரம் எங்கள் பள்ளியில் கடுகு மாடியிலிருந்து விழுந்துவிட்டாள். ஏழாம் வகுப்புப் பெண். உருவம் சின்னது என்பதால் எல்லாருக்கும் அவள் கடுகுதான். மதிய இடைவேளையில் முதல் மாடியில் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கீழே யாரையோ கூப்பிட்டாள். கம்பி அவளோடு சேர்ந்தே போய்விட்டது. சைக்கிள் கொட்டகையின் கூரைமேல் விழுந்ததால் உயிர் பிழைத்தாள். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. நான் பக்கத்து வகுப்பு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாள் காலை, தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் சொன்னார்: "கம்பி மேல ஏறி ஆடின பொண்ணு விழுந்திருக்கா. ஒழுக்கம் இல்லைன்னா இதான் கதி." கடுகு ஏறவில்லை அண்ணா. சாய்ந்தாள், அவ்வளவுதான். அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, பெண்ணின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். எலும்பு கூடினாலும் அவளுக்கு இங்கே இடமில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். வலைப்பதிவு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இணையத்தில் இலவசமாக ஒரு பக்கம் கொடுக்கிறார்கள். நாம் எழுதி, வெளியிடு என்பதை அழுத்தினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தவர்கள் கீழே பின்னூட்டம் எழுதலாம். பதிவுக்கு 'மணி அடிச்சாச்சு' என்று பெயர் வைத்தேன். நான் பார்த்ததை எழுதி, உடைந்த இடத்தின் படத்தையும் போட்டேன். என் பெயர் எங்கேயும் இல்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். என்னால் அடிக்கடி கடிதம் எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் ஓடை என்று ஒன்று உண்டு. அதன் முகவரியை நீ சேர்த்துக்கொண்டால், நான் எழுதும்போதெல்லாம் அது தானாக உன்னிடம் வந்து நிற்கும். முகவரியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். ஒருவராவது படிக்கிறார் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறையும்.

உன் தங்கை


ஜூலை 6

வாலு,

ஒன்றரை வருடமாக நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "நலம், தேர்வு இருக்கிறது" என்று ஒரு வரி போட்டாய். இப்போது படிக்க ஆள் வேண்டும் என்றதும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. இருக்கட்டும்.

நீ கொடுத்த முகவரியைத் தட்டினேன். ஓடையும் வரவில்லை, வாய்க்காலும் வரவில்லை. கோணல் அடைப்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் சிக்கிக்கொண்டு, வலையில் மாட்டிய குப்பை மாதிரி ஒரு பக்கம் வந்தது. அறையில் என்னோடு இருப்பவன் எட்டிப் பார்த்து, "என்னடா, உன் தங்கச்சி நேரா கம்ப்யூட்டருக்கே கடிதாசி போடுதா?" என்றான். நான் வேலை செய்வது உறைபதனக் கிடங்கில். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும், கழற்றாவிட்டால் ஃபோன் தொடுவதை உணராது. இந்த அழகில் நீ அரை வரியில் ஓடையைச் சொல்லிக்கொடுக்கிறாய்.

வேறு வழியில்லாமல் வலைப்பதிவுக்கே போய்ப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அதுதான் பயமாக இருக்கிறது. அந்தப் பள்ளியில் குழாய், ஸ்விட்ச், கதவு, கம்பி எல்லாவற்றையும் பழுதுபார்ப்பது யார்? நம் அப்பா. நீங்கள் இருக்கும் வீடு யார் கொடுத்தது? பள்ளி. யோசித்தாயா?

நான் ஏன் அந்த வீட்டைவிட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியும். "அவங்க உக்காருன்னா நீங்க படுத்தே காட்டறீங்களேப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் வெளியே நிற்கிறேன்.

இன்னொன்று. பெயர் போடாமல் எழுதினால் அதற்குப் பெயர் மொட்டைக் கடிதாசி. எழுதுவதென்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுது. இல்லாவிட்டால் பாடத்தைப் படி.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

நெஞ்சை நிமிர்த்த உனக்கு ஆயிரம் மைல் தூரம் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு போர்வை.

முதலில் ஓடை. கடைசித் தடவையாகச் சொல்கிறேன், கையுறையைக் கழற்றிவிட்டுப் படி. நீ பார்த்த அந்தக் குப்பை மனிதர்கள் படிப்பதற்கு இல்லை. அதைப் படிக்கவே ஒரு செயலி இருக்கிறது, படிப்பான் என்பார்கள். முகவரியை அதற்குள் ஒட்டு. அது அவ்வப்போது என் பக்கத்துக்குப் போய், புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துக்கொண்டு வரும். தினமும் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்குவதற்கும், பத்திரிகை வாசலில் வந்து விழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதே மாதிரி நூறு தளங்களின் ஓடையைச் சேர்த்துவைத்தால் எந்தச் செய்தியையும் தேடி அலைய வேண்டாம். இதுவும் புரியவில்லையென்றால் உன் அறைக்காரரிடம் கேள். அவர் கெட்டிக்காரர் போலத் தெரிகிறது.

இனி அப்பா. யோசித்தாயா என்று கேட்டாய். யோசித்துத்தான் செத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கம்பி முன்னாடியே ஆடிக்கொண்டிருந்தது. போன மாதம் அதைத் தூணோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டியவர் அப்பா. அவர் முடிச்சு எனக்குத் தெரியும்; நம் வீட்டுக் கொடிக்கயிற்றிலும், வாளியின் பிடியிலும் அதே முடிச்சுதான். நான் எடுத்த படத்தில், தூணில் அறுந்து தொங்கும் அந்த முடிச்சு பளிச்சென்று தெரிந்தது. இடது ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். இது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நேற்று ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் இல்லை. "படத்தின் இடது ஓரத்தை ஏன் வெட்டியிருக்கிறீர்கள்?" அவ்வளவுதான்.

பள்ளியில் கணினி ஆசிரியர் வகுப்பு வகுப்பாக வருகிறார். "யாருடி அந்த மணி அடிக்கிற மகாராணி? தானா வந்துட்டா நல்லது" என்கிறார். பதிவை அச்செடுத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறார்களாம். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு சமையலறையில் அம்மாவும் அவரும் பேசியது காதில் விழுந்தது.

"கம்பி ஆடுதுன்னு நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"சொல்ல வேண்டியவங்ககிட்ட."

"அதையே வெளியில சொல்லித் தொலைங்களேன்."

"சொல்லலாம். சொல்லிட்டு, கட்டிலத் தலையில தூக்கிட்டு எந்தத் தெருவுக்குப் போறது?"

அம்மா பாத்திரத்தைப் போட்ட வேகத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ இங்கே இருந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பாய். எனக்கு அதுவும் வராது.

தங்கை


ஜூலை 11

என் அருமை வாலு,

வந்துவிட்டது! படிப்பானைப் போட்டு, முகவரியை ஒட்டி, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் உன் பதிவு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தலைப்புக்குக் கீழே உன் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. முழுப்பெயர், அப்பா பெயரோடு சேர்த்து. நான் மொட்டைக் கடிதாசி என்று திட்டியது உறைத்துவிட்டதாக்கும்! பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேனே, இப்படி ஒரு துணிச்சலா உனக்கு?

நானும் சும்மா இருக்கவில்லை. அறைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது, திரட்டி என்று ஒன்று இருக்கிறதாம். நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகளின் ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தளம். யார் வேண்டுமானாலும் எந்த ஓடையையும் அதில் கொடுக்கலாம். உன்னுடையதைக் கொடுத்தேன். உடனே முதல் பக்கத்தில் வந்துவிட்டது. தலைப்பு, முதல் நாலு வரி, கீழே தடித்த எழுத்தில் உன் பெயர். இப்போது உனக்கு ஒரு வாசகன் இல்லை, ஊரே படிக்கிறது. கிடங்கில் எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் மேற்பார்வையாளர்கூட, "உன் தங்கையா? உன்னைப் பார்த்தால் தெரியலையே" என்றார்.

கடுகுக்கு நியாயம் கிடைக்கும். பார்.

அண்ணன்


ஜூலை 11, இரவு

அண்ணா,

நான் பெயர் போடவில்லை.

நான் பெயரே போடவில்லை. என் பக்கத்துக்குப் போய்ப் பார், எங்காவது இருக்கிறதா? கணக்குத் தொடங்கும்போது முழுப்பெயர் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு பக்கத்தின் வடிவமைப்பில், எழுதியவர் என்ற வரியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் பெயர் போய்விட்டது, அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பக்கம் வேறு, ஓடை வேறு என்று உனக்குப் பாடம் நடத்திய எனக்கே அது தோன்றவில்லை. கணக்கில் இருக்கும் பெயரை ஓடை தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒருநாளாவது என் ஓடையை நான் படிப்பானில் போட்டுப் பார்த்திருக்கலாம். என்னுடைய எழுத்தை நானே எதற்குத் தொடர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

திரட்டியில் சேர்க்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? ஒருவார்த்தை கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா? எப்போதும் இப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டு நீ போய்விடுவாய், உள்ளே இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வோம்.

கணக்கில் பெயரை மாற்றிவிட்டேன். பதிவையும் அழித்துவிட்டேன். உன் படிப்பானிலிருந்து போய்விட்டதா என்று உடனே பார்த்துச் சொல். திரட்டிக்காரர்களுக்கு எழுதி எடுக்கச் சொல். காலில் விழு. என்ன வேண்டுமானாலும் செய். தப்புத் தப்பாக அடித்து அழித்துத்தான் இதையே எழுதுகிறேன்.


ஜூலை 13

வாலு,

போகவில்லை. படிப்பானில் அப்படியே இருக்கிறது, பெயரோடு, படத்தோடு. நீ அங்கே அழித்தது இங்கே வராதாம். ஒருமுறை எடுத்துக்கொண்டு வந்தால் அது என்னுடைய பிரதி என்கிறான் அறைக்காரன். வாசலில் விழுந்த பத்திரிகையை அச்சகத்துக்காரன் வந்து பொறுக்கிக்கொண்டு போக முடியுமா என்று கேட்கிறான். நீ சொன்ன உதாரணம்தான். அவனை அறையலாம் போல இருந்தது.

திரட்டிக்காரர்களுக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். இன்று காலை பதில் வந்தது. எடுத்துவிட்டார்களாம். ஆனால் அவர்களிடமிருந்து வேறு இரண்டு திரட்டிகள் எடுத்துப் போட்டிருக்கின்றன, அதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அந்த இரண்டில் ஒன்றுக்கு மின்னஞ்சல் முகவரியே இல்லை. யாரிடம் போய் அழுவது?

கேட்காமல் சேர்த்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதே. முழுப்பெயரை யாரோ கேட்டால் கொடுத்துவிடுவதா? எனக்கு மட்டும் என்ன, ஓடையைப் பிறந்ததிலிருந்து தெரியுமா?

இன்னொன்றும் செய்துவிட்டேன். நீ திட்டுவாய். வீட்டுக்கு ஃபோன் செய்தேன். உனக்கு அடி விழுமோ என்று இருப்பே கொள்ளவில்லை.

"யாரு?" என்றார்.

"நான்தான்ப்பா."

"ம்" என்றார்.

"அவளை அடிக்காதீங்க."

"எவளை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்கு இன்னும் தெரியாதோ என்று. நான் எதையோ உளறினேன். "சாப்பிட்டியா?" என்றார். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, நான் காட்டிக்கொடுத்துவிட்டேனா, ஒன்றும் புரியவில்லை. மூட்டை தூக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். என்ன நடந்தது என்று ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


ஜூலை 15

அண்ணா,

ஃபோன் செய்யாதே என்று எழுத எனக்கு ஒரே ஒரு வரிதான் ஆனது. அந்த ஒரு வரியைக்கூட உன்னால் கேட்க முடியவில்லை. உன்மேல் இருக்கும் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தீர்ந்தபிறகு எழுதலாமென்றால் வருடம் ஆகும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நீ காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உன் ஃபோனை வைத்துவிட்டு என் கட்டிலுக்கு வந்து போர்வையை விலக்கினார். மடிக்கணினி வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நான் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"படத்துல மீதி எங்க?" என்றார்.

நான் மடிக்கணினியை மூடப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல அச்செடுத்துக் காட்டினாங்க. சரியா முடிச்சு இருக்கற இடத்துல வெட்டியிருந்தது. அது யாரு போட்ட முடிச்சுன்னு தெரிஞ்சவங்கதானே அங்க வெட்ட முடியும்? அந்த ஆளு இந்த வீட்டுலதான் இருக்குதுன்னு அன்னிக்கே தெரியும்."

அத்தனை நாள் அவர் பேசாமல் சாப்பிட்டதெல்லாம் தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார். நான்தான் போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

இன்று தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் திரட்டியின் பக்கம், என் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. கணினி ஆசிரியர் சுவரோரமாக, வேட்டையில் முயல் பிடித்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியை கத்தவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"குழந்தை ஏதோ விளையாட்டா எழுதிட்டா, நாங்களும் பிள்ளை பெத்தவங்கதான்" என்றார் அப்பாவிடம். "கம்பி உறுதியாத்தான் இருந்தது, அந்தப் பொண்ணு மேல ஏறினதாலதான் போச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பராமரிப்பு நீங்கதானே, உங்க வார்த்தைக்கு மரியாதை இருக்கு. உங்க பொண்ணு விஷயத்தை நாங்க இத்தோட மறந்துடறோம்."

அப்பா தாளை வாங்கிப் படித்தார். நீ சொல்வாயே, உட்காரச் சொன்னால் படுத்துக்காட்டுவார் என்று. பேனாவை வாங்கிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "காலையில சொல்றேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பொட்டியத் தெற" என்றார். நான் திறந்தேன். "படத்தை முழுசாப் போடு. நான் சொல்றதை எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கம்பியைக் கட்டியது அவர். பற்றவைக்க ஆள் கூப்பிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். பள்ளியைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், முதலில் வண்ணம் அடி என்றார்கள். அடித்தார்.

"அந்த இடத்தைக் கயிறு கட்டி மறிச்சிருக்கணும். நான் மறிக்கல. கட்டுக்கம்பி தாங்கும்னு நெனச்சேன். அதையும் எழுது."

"அது வேணாம்ப்பா."

"ஏன், மறுபடியும் வெட்டப் போறியா?"

எழுதினேன். கண்ணீர் விழுந்து விசைப்பலகையில் ஒரு விசை ஒட்டிக்கொண்டது. அப்பா துண்டால் துடைத்தார், என் கண்ணை இல்லை, விசையை.

அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் எழுதி முடிங்க. நான் பாத்திரத்தைக் கட்டறேன்" என்று சாக்கை உதறினாள். "அந்தப் பொண்ணோட அம்மா நேத்தும் ஸ்கூல் கேட்டுக்கு வெளியில நின்னுட்டுத்தான் இருந்தா. நானும் பாத்துட்டுப் பாத்துட்டு உள்ளே வந்துட்டேன்" என்று சாக்கைப் பார்த்தே சொன்னாள். இப்போது நீ இங்கே இருந்தால் அலமாரியின் மேல்தட்டுப் பாத்திரங்களையாவது இறக்கிக் கொடுப்பாய். அவளுக்கு எட்டவில்லை, நாற்காலி போட்டு ஏறுகிறாள்.

எங்கே போவோம் என்று தெரியவில்லை. காலையில் அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுக்கப் போகிறார். எனக்கும் மாற்றுச் சான்றிதழ்தான். கடுகுக்கு இதனால் இடம் கிடைக்குமா என்றால், அதற்கும் உறுதி கிடையாது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை.

இந்தமுறை கணக்கில் என் பெயரைத் திரும்பப் போட்டேன். பக்கத்திலும் தெரியும்படி வைத்தேன். வெளியிடு என்பதன் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன்: "அழுத்திட்டா திரும்பக் கூப்பிட முடியாதுப்பா. அழிச்சாலும் எங்கேயாவது இருக்கும்."

"தெரியுது" என்றார். பிறகு கேட்டார்: "உங்கண்ணன் இதை எப்பப் பாப்பான்?"

"வேலைக்கு நடுவுல ராத்திரி சாப்பிட விடுவாங்க. அப்பப் பாப்பான்."

சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவன் சாப்பிட உக்கார்றதுக்குள்ள அனுப்பு."